கட்டடங்களுக்கு நடுவே கன வாயு பரவுவதைக் கணினியில் கணக்கிடும் முறை

காற்றைவிட எடை கூடிய வாயு கசிந்தால் அது மேலெழுந்து கலைந்துபோவதில்லை; தரையோடு தரையாகப் படர்கிறது, பள்ளம் கண்ட இடத்தில் இறங்குகிறது, சுவர் கண்ட இடத்தில் தேங்குகிறது. மணலியிலும் எண்ணூரிலும் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் எரிவாயுக் கிடங்கும் குடியிருப்புகளுக்கு அருகிலேயே இருக்கின்றன. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்குகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பில் குளோரினும், ஐஸ் ஃபேக்டரிகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் அம்மோனியாவும் புழங்குகின்றன. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட நேர்ந்ததை வடசென்னை மறக்கவில்லை. ஆகவே, இத்தகைய கசிவு எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் என்ன செறிவில் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கணக்கிடத் தெரிந்தவர்கள் இந்த ஊருக்குத் தேவை. பாய்ம இயக்கவியலின் அடிப்படை தெரிந்த பொறியியல் மாணவர்களையும், ஆலைகளின் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிவோரையும் மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

இந்தக் கணக்கில் விடையைத் தீர்மானிப்பது தரையிலிருந்து முதல் இரண்டு மீட்டர் உயரத்துக்குள் நடப்பவைதான். வாயு எந்த நிலையில் வெளிவருகிறது, அங்கே காற்று எவ்வளவு மெதுவாக வீசுகிறது, எந்தச் சிறு சுவர் குறுக்கே நிற்கிறது, அந்த உயரத்தில் மெஷ் (வெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் கணக்கு வலை) எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்ற நான்கும் சரியாக இருந்தால் சாதாரணக் கணினியில்கூட நம்பத்தக்க முடிவு கிடைக்கும். இவற்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் அழகான வண்ணப் படத்தைத் தவறான இடத்தில் தீட்டிக் கொடுக்கும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை இடத்தைக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 900 கிலோ குளோரின் அடங்கிய ஒரு டன்னர் (குளோரினை அழுத்தத்தில் திரவமாக வைக்கும் உருளை) இருக்கிறது. நிலையத்தைச் சுற்றி 1.8 மீட்டர் உயரச் சுற்றுச்சுவர். இரும்பு கேட்டுக்கு வெளியே 6 மீட்டர் அகலத் தெரு. தெருவின் இருபுறமும் ஒன்று முதல் நான்கு மாடி வரையிலான வீடுகள்.

கனம் எதுவரை நீடிக்கிறது?

முதல் வேலை கணினியைத் திறப்பதற்கு முன்பே, காகிதத்தில் நடக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் குளோரினின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2.85 கிலோ, அதே வெப்பத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 1.16 கிலோ. அடர்த்தி வேறுபாட்டைக் காற்றின் அடர்த்தியால் வகுத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால், குறைக்கப்பட்ட ஈர்ப்பு என்ற அளவு ஏறத்தாழ 14 என்று வரும். அதை வாயுப் படலத்தின் உயரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், படலத்தின் முன்விளிம்பு தன் எடையால் மட்டுமே ஓடும் வேகம் தோராயமாகக் கிடைக்கிறது. ஒரு மீட்டர் உயரப் படலத்துக்கு அது விநாடிக்கு 3.8 மீட்டர். சென்னையின் அமைதியான இரவுகளில் காற்று வீசும் வேகத்தைவிட இது கூடுதல். எனவே தூய வாயு காற்றின் திசைக்கு எதிராகவும் ஓடும்.

காற்று கலந்து, குளோரின் கன அளவில் 10 சதவீதமாக நீர்த்தால் இந்த வேகம் 1.2 மீட்டராகவும், 1 சதவீதமாக நீர்த்தால் 0.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்குகிறது. எப்போது வாயு தன் கனத்தை இழந்து காற்று இழுத்த இழுப்புக்குப் போகிறது என்பதை அறிய, குறைக்கப்பட்ட ஈர்ப்பையும் படல உயரத்தையும் பெருக்கி, காற்றின் உராய்வு வேகத்தின் (தரையில் காற்று உராயும் வலிமையை வேகமாகச் சொல்லும் அளவு) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இதுவே ரிச்சர்ட்சன் எண்; அது பெரிதாக இருந்தால் கனம் ஆள்கிறது, 1-க்குக் கீழே இறங்கினால் காற்று ஆள்கிறது. வெட்டவெளியில் 10 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 1.5 மீட்டர் காற்று வீசினால் உராய்வு வேகம் சுமார் 0.1 மீட்டர், அப்போது 1 சதவீதக் கலவையின் ரிச்சர்ட்சன் எண் 14. அதே கலவைக்கு 6 மீட்டர் வேகக் காற்றில் இந்த எண் 1-க்கும் கீழே போகிறது. ஒரே கசிவு மாலைக் கடற்காற்றில் சாதாரண வாயுவாகவும், நள்ளிரவில் கன வாயுவாகவும் நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். 1 சதவீதம் என்பது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு). குளோரினில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு 10 பிபிஎம். அதாவது கனத்தின் ஆட்சி முடிந்த பிறகும், ஆயிரம் மடங்கு நீர்த்தால்தான் அந்த வரம்புக்கு வாயு வந்துசேரும்.

மூலக்கூறு எடையை மட்டும் பார்த்து ஒரு வாயுவைக் கனமானது, இலேசானது என்று பிரித்துவிடக் கூடாது. அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17, காற்றினுடையது 29. ஆனால் அழுத்தத்தில் திரவமாக இருந்த அம்மோனியா வெளியேறும்போது நுண்துளிகளும் கடுங்குளிரும் சேர்ந்து கலவையைக் காற்றைவிடக் கனமாக்குகின்றன. 1983-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடந்த டெசர்ட் டார்ட்டாய்ஸ் சோதனைகளில் அம்மோனியா மேகம் தரையைத் தழுவியே சென்றது. மைனஸ் 162 டிகிரியில் ஆவியாகும் மீத்தேனும் தொடக்கத்தில் சுற்றுக் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது.

எளிய மாதிரியா, சிஎஃப்டியா?

சிஎஃப்டி என்பது பாய்ம ஓட்டத்தின் சமன்பாடுகளை மெஷ்ஷின் ஒவ்வொரு செல்லிலும் கணினியால் தீர்க்கும் முறை. அலோஹா, ஸ்லாப், டெகாடிஸ் போன்ற எளிய மாதிரிகள் கன வாயுவைக் கணக்கில் எடுத்துக்கொள்பவைதான். சில நொடிகளில் விடை தருகின்றன. ஆனால் அவை தரையைத் தட்டையாகவும் தடையற்றதாகவும் கருதுகின்றன. கட்டடங்கள் அவற்றுக்குத் தரையின் சொரசொரப்பு என்ற ஒற்றை எண்ணாக மட்டுமே தெரியும். கசிந்த இடத்துக்கு அருகே, படலத்தைவிட உயரமான சுவர்களும் வீடுகளும் இருக்கும்வரை இந்த மாதிரிகளின் விடையை நம்பி முடிவெடுக்கக் கூடாது. சில நூறு மீட்டருக்கு அப்பால், வாயு கட்டடங்களைவிட உயரமாகக் கலந்த பிறகு, அவை தாராளமாகப் போதும். அருகில் சிஎஃப்டி, தொலைவில் எளிய மாதிரி என்று இரண்டையும் இணைப்பதே என் பரிந்துரை.

சிஎஃப்டிக்குக் கட்டணமில்லாத ஓபன்ஃபோம் கற்பவர்களுக்கு ஏற்றது. ஃப்ளாக்ஸ் போன்ற வணிக மென்பொருள்கள், மெஷ்ஷைவிடச் சிறிய குழாய்களையும் கம்பிகளையும் ஒவ்வொரு செல்லிலும் அடைபட்ட இடத்தின் விகிதமாக எடுத்துக்கொள்வதால் ஆலைக்குள்ளான நெரிசலுக்கு வசதியானவை. எதைத் தேர்ந்தாலும் கீழே வரும் கவனங்கள் பொதுவானவை.

கசிவின் தொடக்கத்தைச் சரியாக எழுதுதல்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. டன்னரின் திரவப் பகுதியில் 6 மில்லிமீட்டர் விட்டத் துளை என்று கொள்வோம். 30 டிகிரியில் உள்ளே இருக்கும் ஆவியழுத்தம் சுமார் 8.8 பார். திறப்பு வழியாகத் திரவம் பாயும் வழக்கமான சூத்திரத்தில் பாய்வுக் கெழு 0.6 என்று வைத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 0.8 கிலோ வெளியேறுகிறது. அந்த வேகம் மாறாதிருந்தால் 900 கிலோவும் 19 நிமிடத்தில் தீர்ந்துவிடும். டன்னர் குளிரக் குளிர அழுத்தம் குறையும் என்பதால் இந்த வெளியேறும் வேகம் மேல்வரம்பு.

வெளியேறிய திரவத்தின் கொதிநிலை மைனஸ் 34 டிகிரி. 30 டிகிரியிலிருந்து அதுவரை குளிரும்போது விடுபடும் வெப்பம், திரவத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே உடனே ஆவியாக்கப் போதுமானது. மீதி நுண்துளிகளாகச் சிதறிக் காற்றோடு போகிறது அல்லது தரையில் குட்டையாகத் தேங்குகிறது. துளிகள் ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுப்பதால் கலவை கொதிநிலைக்கும் கீழே குளிர்ந்து, மேலும் கனமாகிறது. இந்தக் கட்டத்தைப் புறக்கணித்து 0.8 கிலோவையும் 30 டிகிரி வாயுவாக உள்ளே விட்டால், கனம் குறைவான, சீக்கிரம் கலைகிற ஒரு மேகம் கிடைக்கும். அது பாதுகாப்பின் பக்கம் சாயும் தவறு இல்லை.

துளையிலிருந்து வெளிவரும் தாரையை அப்படியே மெஷ்ஷில் காட்டவும் முயல வேண்டாம். 6 மில்லிமீட்டர் துளைக்கும் 400 மீட்டர் தெருவுக்கும் ஒரே மெஷ் போதாது. தாரை வளிமண்டல அழுத்தத்துக்கு விரிந்து, துளிகள் ஆவியாகி முடிகிற இடம்வரை ஒரு தனிக் கணக்குப் போட்டு, அங்கே கலவையின் அளவு, வேகம், வெப்பம், குளோரின் பங்கு ஆகியவற்றைச் சிஎஃப்டியின் நுழைமுகமாகக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. தாரை சில மீட்டருக்குள் சுவரிலோ தரையிலோ மோதுமானால் அதன் உந்தம் அங்கேயே தீர்ந்து, காற்றை உள்ளிழுக்கும் வாய்ப்பும் போய்விடும். அப்போது அடர்ந்த வாயு காலடியில் குவியும். திறந்த வெளியில் பாயும் தாரை, மோதி அடங்கும் தாரை என்ற இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பது அவசியம். சுற்றுச்சுவருக்குள்ளான நம் நிலையத்தில் இரண்டாவதே நடக்கக்கூடியது.

சென்னைக்கென்று ஒரு சேர்க்கை உண்டு. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. குளிர்ந்த மேகத்துக்குள் அது பனித்துளியாக உறையும்போது விடும் வெப்பம் மேகத்தைச் சூடாக்கி இலேசாக்குகிறது. குளோரினில் இதன் பங்கு சிறிது; திரவ இயற்கை எரிவாயுவில் பெரிது, ஈரக் காற்றைக் குடித்த மீத்தேன் மேகம் கனத்தை விரைவாக இழக்கும். துறைமுகப் பகுதிக்குக் கணக்கிடுபவர்கள் ஈரப்பதத்தைப் பூஜ்யம் என்று வைத்துவிடக் கூடாது.

காற்று

ஓர் ஆண்டின் சராசரிக் காற்றை எடுத்து ஒருமுறை ஓட்டிவிட்டு முடித்துக்கொள்வது பயனற்றது. கோடையில் முற்பகல்வரை மேற்கிலிருந்து வரும் காற்று, கடற்காற்று நுழைந்ததும் கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்புகிறது. வடகிழக்குப் பருவத்தில் வேறொரு திசை ஓங்குகிறது. குளிர்கால இரவுகளில் காற்று ஓய்ந்து தரைக்கு அருகே வெப்பத் தலைகீழாக்கம் (கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக அடுக்குவது) உண்டாகிறது. போகி விடியற்காலையில் கொளுத்திய புகை மேலெழ வழியின்றித் தெருவிலேயே நிற்பதும், 2018-ல் அப்படி நின்ற புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தடைபட்டதும் இந்த அமைதியின் அடையாளங்கள். கன வாயுவுக்கு மிகக் கெட்ட வானிலை அதுவே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மோசமான நிலைக்கு வகுத்திருப்பதும் விநாடிக்கு 1.5 மீட்டர் காற்று, பாஸ்குவில் எஃப் வகை நிலைத்தன்மை (காற்று மேலும் கீழும் மிகக் குறைவாகக் கலக்கும் நிலை) என்பதுதான். மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை நாள்தோறும் காலை 5.30, மாலை 5.30 நேரங்களுக்கு எடுக்கும் பலூன் அளவீடுகளிலிருந்து, தரையை ஒட்டிய வெப்ப அடுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இவற்றிலிருந்து குறைந்தது மூன்று நிலைகளைத் தேர்ந்தெடுங்கள்: அமைதியான விடியற்காலை, மிதமான மேற்குக் காற்று, வலுத்த கடற்காற்று.

தேர்ந்த காற்றை, அது கணக்கின் எல்லைக்குள் வரும் நுழைமுகத்தில் உயரத்துக்கேற்ப மடக்கை விதிப்படி கூடும் வேகமாகவும், அதற்கு இசைந்த கொந்தளிப்பு அளவுகளாகவும் கொடுக்க வேண்டும். 1993-ல் ரிச்சர்ட்ஸ், ஹாக்ஸி இருவரும் எழுதிய சமன்பாடுகள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. கொடுத்தபின், கட்டடங்கள் எதையும் வைக்காமல் வெறும் வெளியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நுழைமுகத்தில் கொடுத்த வேக வடிவம் வாயு கசியப்போகும் இடம்வரை மாறாமல் வந்து சேர வேண்டும். பலர் இந்த வெற்றுச் சோதனையைத் தவிர்த்துவிடுகிறார்கள். அப்படித் தவிர்க்கும்போது, தரையை ஒட்டிய காற்று நூறு மீட்டருக்குள் தானாகவே வேகம் கூடியோ குறைந்தோ போய், எந்த வானிலையைக் கணக்கிட்டோம் என்பதே தெரியாமல் ஆகிவிடுகிறது.

தெருவை வரைதல்

கட்டட வடிவங்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கலாம்; உயரம் பெரும்பாலும் அதில் இருக்காது, மாடிக்கு மூன்று மீட்டர் என்று நேரில் எண்ணிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கன வாயுவுக்கு உயரமான கட்டடங்களைவிட முக்கியமானவை வரைபடத்தில் இல்லாதவை. சுற்றுச்சுவர்தான் முதலாவது. ஒரு மீட்டர் உயரப் படலம் 1.8 மீட்டர்ச் சுவரில் மோதினால் அதன் பெரும்பகுதி தாண்டாமல் எழும்பிப் பின்வாங்கி, சுவரோரமாகத் திரும்பி ஓடும். வாளித் தண்ணீரை முற்றத்தில் கொட்டினால் சுவரோரமாக ஓடி வாசல்படி இடைவெளியைத் தேடுவதுபோல, கேட்டுக்கு அடியில் இருக்கும் சந்தே வாயுவுக்கு வழியாகிறது. ஆகவே கேட்டை அடைத்த பலகையாக வரைவதா, கம்பி இடைவெளியோடு வரைவதா என்பது தெருவில் நிற்பவருக்கு வாயு எப்போது வந்து சேரும் என்பதையே மாற்றிவிடும்.

அடுத்தது தரைமட்டம். சென்னையின் பழைய தெருக்களில் சாலையைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போட்டதால், பல வீடுகளின் வாசலும் கூடமும் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. மழைத் தண்ணீர் உள்ளே வரும் அந்த வீடுகளுக்குள் கன வாயுவும் அதே வழியில் வரும். ஊர் முழுவதும் ஏறத்தாழ தட்டை என்பதால் நிலச்சரிவைத் தவிர்த்துவிடலாம் என்று தோன்றும். பெரிய சரிவுகளைத் தவிர்க்கலாம், அரை மீட்டர்ப் பள்ளங்களைத் தவிர்க்க முடியாது. தெருவில் நடந்து, வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே முதலில் தேங்குகிறது என்று குடியிருப்போரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது, செயற்கைக்கோள் உயரத் தரவைவிட இந்த வேலைக்குப் பயன்படும். மூடியில்லாத மழைநீர் வடிகால், பக்கிங்ஹாம் கால்வாயின் கரைப்பள்ளம், அடுக்குமாடிகளின் தூண்தள வாகன நிறுத்தம், நிலத்தடி நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவு ஆகியவை அடுத்து வருகின்றன. தூண்தளத்தை மூடிய பெட்டியாக வரைந்துவிட்டால், வாயு உள்ளே புகுந்து காற்றோட்டமின்றி நெடுநேரம் தங்கும் இடமே கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

மரங்கள், நிறுத்திய வண்டிகள், தண்ணீர்த் தொட்டிகள் முதலியவற்றை ஒவ்வொன்றாக வரைய வேண்டியதில்லை. கசிவுக்கு 20 மீட்டருக்குள் இருப்பவற்றை மட்டும் வரையலாம்.

மெஷ்

கட்டடங்களைச் சுற்றிய காற்றோட்டத்துக்கு ஐரோப்பிய காஸ்ட் 732 திட்டம் வகுத்த வழிகாட்டுதல் நல்ல தொடக்கம். மிக உயர்ந்த கட்டடத்தின் உயரத்தைப்போல ஐந்து மடங்கு தூரம் முன்னாலும் பக்கங்களிலும் மேலேயும், பதினைந்து மடங்கு தூரம் பின்னாலும் வெளி விட வேண்டும் என்கிறது அது. நான்கு மாடிக்கு 12 மீட்டர் என்றால் முன்னால் 60, பின்னால் 180 மீட்டர். கன வாயு காற்றுக்கு எதிராகவும் ஓடும் என்பதால் அமைதியான இரவுக்கு முன்னால் இன்னும் கூடுதலாக விடுங்கள். காற்று உள்ளே வரும் நுழைமுகத்தை வாயு தொட்டுவிட்டால் அந்த ஓட்டம் செல்லாது.

ஒரு மீட்டர்ப் படலத்துக்குள் குறைந்தது ஐந்து செல்களாவது நிற்க வேண்டும். எனவே தரையிலிருந்து இரண்டு மீட்டர்வரை 0.2 மீட்டர் உயரச் செல்கள், அதற்கு மேல் ஒவ்வொன்றும் 1.2 மடங்கு வளர்வதாக வைக்கலாம். கிடைமட்டத்தில் ஒரு மீட்டர் என்றால், 400-க்கு 400 மீட்டர் பரப்பில் 60 மீட்டர் உயரம்வரை சுமார் 50 லட்சம் செல்கள் வரும். நல்ல பணிநிலையக் கணினி இதைத் தாங்கும். சுற்றுச்சுவரையும் கேட்டையும் ஒட்டி மட்டும் கிடைமட்டத்தையும் 0.25 மீட்டராக நுணுக்குங்கள்.

இங்கே ஒரு முரண்பாடு காத்திருக்கிறது, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். பல மென்பொருள்களின் சுவர் விதி, தரையின் சொரசொரப்பை மணல் துகளின் உயரமாக எடுத்துக்கொள்கிறது. அது வானிலையாளர் சொல்லும் சொரசொரப்பு நீளத்தைப்போல 20 முதல் 30 மடங்கு. முதல் செல்லின் மையம் அந்த மணல் உயரத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். புறநகர்த் தரைக்கு 0.1 மீட்டர் என்று வைத்தாலே முதல் செல் மையம் இரண்டு, மூன்று மீட்டருக்குப் போய்விடும், வாயுப் படலம் முழுவதும் ஒரே செல்லுக்குள் அடங்கிவிடும். தீர்வு இரண்டு படிகளில் இருக்கிறது. கட்டடங்களை நாமே வரைந்திருக்கும் நடுப்பகுதியில் சொரசொரப்பை 0.03 மீட்டருக்கு மேல் போகாமல் வைத்து, ஊரின் பெருஞ்சொரசொரப்பை நுழைமுக வேக வடிவத்தில் மட்டும் காட்ட வேண்டும். சொரசொரப்பு நீளத்தையே நேராக ஏற்கும் வளிமண்டலச் சுவர் விதியை, ஓபன்ஃபோமில் இருப்பதுபோல, பயன்படுத்த வேண்டும். அப்போது 0.2 மீட்டர் செல்லின் மையமான 0.1 மீட்டர் வரம்புக்கு மேலேயே நிற்கும்.

கொந்தளிப்பும் காலமும்

கனமான படலத்தின் மேல் இலேசான காற்று நிற்பது நிலைத்த அடுக்கு. அது கொந்தளிப்பை அடக்கிக் கலப்பைத் தடுக்கிறது. கொந்தளிப்பின் ஆற்றலையும் அது அழியும் வேகத்தையும் கணக்கிடும் வழக்கமான கே-எப்சிலான் மாதிரியில் இந்த அடக்கும் உறுப்பு எல்லா மென்பொருளிலும் தானாக இருப்பதில்லை. ஓபன்ஃபோமில் மிதப்பு விசையைச் சேர்த்த தனி வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் வாயு இயல்புக்கு மாறாக வேகமாக மேலே கலந்து, தெரு பாதுகாப்பானதாகத் தோன்றும். கட்டடத்தின் காற்று மோதும் முகத்தில் சாதாரண கே-எப்சிலான் கொந்தளிப்பைக் கூட்டிக் காட்டும் என்பதும் தெரிந்ததே. ரியலைசபிள் வடிவமோ எஸ்எஸ்டி மாதிரியோ அங்கே மேல். கொந்தளிப்பு ஷ்மிட் எண்ணை (கொந்தளிப்பு உந்தத்தைப் பரப்புவதற்கும் வாயுவைப் பரப்புவதற்கும் உள்ள விகிதம்) 0.7 என்று தொடங்கி, 0.5, 0.9 ஆகியவற்றிலும் ஓட்டி வேறுபாட்டைப் பாருங்கள்.

முதலில் வாயு இல்லாமல் காற்றோட்டத்தை மட்டும் நிலைபெறச் செய்து, அதன்பின் கசிவைத் தொடங்கிக் காலத்தோடு நகர்த்த வேண்டும். கூரண்ட் எண் (ஒரு காலப்படியில் காற்று எத்தனை செல்களைக் கடக்கிறது என்ற அளவு) 1-க்குக் கீழே இருக்கட்டும். செறிவுச் சமன்பாட்டுக்கு முதல்படி அப்விண்ட் முறையை (காற்று வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் முறை) வைக்காதீர்கள். அது கணிதப் பிழையாலேயே வாயுவைக் கரைத்துவிடும். கசிவு நின்ற பிறகும், சுவர்களுக்குள்ளும் தூண்தளத்திலும் தேங்கிய வாயு வடியும்வரை கணக்கைத் தொடருங்கள்.

அளந்த உண்மையோடு ஒப்பிடுதல்

உங்கள் தெருவுக்குப் போகும் முன், அளவீடு உள்ள ஒரு சோதனையை அதே அமைப்பில் ஓட்டி ஒப்பிட வேண்டும். தடைகளோடு கூடிய கன வாயுவுக்கு மிகப் பொருத்தமானவை 1982 முதல் 1984 வரை இங்கிலாந்தின் தார்னி தீவில் நடந்த சோதனைகள். 14 மீட்டர் விட்டமும் 13 மீட்டர் உயரமும் உள்ள கூடாரத்தில் ஃப்ரியான்-12, நைட்ரஜன் கலவையைச் சுமார் 2,000 கன மீட்டர் நிரப்பி, கூடாரத்தைச் சட்டென்று கீழே இறக்கி வாயுவை விட்டார்கள். 26-ஆம் சோதனையில் 50 மீட்டர் தொலைவில், காற்று போகும் பக்கத்தில், 9 மீட்டர்க் கனசதுரக் கட்டடம் ஒன்று நின்றது. காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கனசதுரத்தின் முன்முகத்தில் 6.4 மீட்டர் உயரத்திலும், பின்முகத்தில் 0.4 மீட்டர் உயரத்திலும் பதிந்த செறிவுகளே இன்றுவரை மாதிரிகளின் உரைகல்லாக இருக்கின்றன. இந்த இரண்டு புள்ளிகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன: மோதிய படலம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை முன்புள்ளியும், கட்டடத்தின் மறைவில் எவ்வளவு தங்குகிறது என்பதைப் பின்புள்ளியும் சோதிக்கின்றன. பின்புள்ளி சரியாக வந்து முன்புள்ளி பிசகினால் மெஷ்ஷின் உயர நுணுக்கத்தையும் வாயுத் தூண் தொடக்கத்தில் சரிந்து விழுவதையும் பாருங்கள்; மாறாக இருந்தால் கொந்தளிப்பு மாதிரியைச் சந்தேகியுங்கள்.

குளோரினுக்கே அளவீடு வேண்டுமென்றால், 2015-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டக்வே சோதனைக் களத்தில் கப்பல் கண்டெய்னர்களை அடுக்கி ஒரு மாதிரி ஊர் அமைத்து, பல டன் குளோரினைத் திறந்துவிட்ட ஜாக் ராபிட் இரண்டாம் தொடர் இருக்கிறது. திரவ இயற்கை எரிவாயுவுக்கு 1987-ன் ஃபால்கன் சோதனைகளில், 8.7 மீட்டர் உயரத் துணிவேலியால் வாயுவைத் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒப்பீட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் எண்ணால் அளக்க வேண்டும். கணித்த செறிவுகளில் பாதிக்குமேல், அளந்ததன் அரைமடங்குக்கும் இருமடங்குக்கும் நடுவே விழ வேண்டும். சராசரிச் சாய்வு (கணிப்பு மொத்தத்தில் கூடவோ குறையவோ போவது) 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2004-ல் சாங், ஹானா ஆகியோர் முன்வைத்த இந்த வரம்புகளைத் துறையினர் பொதுவாக ஏற்கிறார்கள். இருமடங்குப் பிழை என்பது தேர்ச்சி என்றால் இந்தக் கணக்கின் எல்லை எதுவென்று புரிந்துகொள்ளலாம், 9.7 பிபிஎம் என்று வந்த இடத்தைப் பாதுகாப்பானது என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை.

முடிவை எடுத்துச் சொல்லுதல்

குளோரின் போன்ற நச்சு வாயுவில் ஒரு கணத்தின் செறிவு மட்டும் போதாது. பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ, குளோரினின் நச்சுச் சுமையைச் செறிவின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறது. செறிவு இருமடங்கானால், அதே தீங்குக்குக் கால்பங்கு நேரமே போதும். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தெரு முனையிலும் 0.3, 1.5 மீட்டர் உயரங்களில் புள்ளிகளை வைத்து, வாயு வந்து சேரும் நேரம், உச்ச செறிவு, நச்சுச் சுமை, வடியும் நேரம் ஆகிய நான்கையும் எடுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் சுவாசிக்கும் உயரத்தை 1.5 மீட்டர்ப் புள்ளி காட்டாது. எல்பிஜி, மீத்தேன் போன்ற எரியும் வாயுவுக்கு இதன் இடத்தில் தீப்பற்றும் கீழ்வரம்பில் பாதியை எல்லையாக வரைவது வழக்கம். மீத்தேனுக்கு அது 2.5 சதவீதம், ஏனென்றால் சராசரி 2.5 என்று காட்டும் இடத்தில் நொடிப்பொழுதுக்கு 5 சதவீதத் திட்டுகள் வந்துபோகும்.

கட்டடங்கள் வாயுவைக் கலக்கி நீர்க்கச் செய்வதும் உண்டு, மறைவில் பிடித்து வைப்பதும் உண்டு. அதனால் கட்டடம் உள்ள, இல்லாத இரண்டு ஓட்டங்களையும் அருகருகே வையுங்கள். நம் கற்பனை நிலையத்தில் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: தொலைவில் செறிவு குறைந்தும், சுற்றுச்சுவருக்குள்ளும் எதிர்வீட்டு வாசலிலும் செறிவும் நேரமும் கூடியும் இருக்கும். அப்படி வராவிட்டால் ஏன் என்று தேடிக் கண்டுபிடித்த பிறகே அறிக்கை எழுத வேண்டும்.

தீயணைப்பு நிலையத்துக்கும் ஆலையின் அவசரகாலக் குழுவுக்கும் கொடுக்கும் வரைபடத்தில் வண்ணப் படலத்தைவிடத் தெருப் பெயரும் நிமிடமும் பெரிதாகத் தெரிய வேண்டும். எந்தக் காற்று, எந்தத் துளை, எந்த மெஷ் என்பதை அதே தாளில் எழுதுங்கள். மேற்குக் காற்றுக்கு ஒன்று, கடற்காற்றுக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று என்று மூன்று தாள்கள் இருக்கட்டும். அமைதிக்கான தாளில் நிலையத்தின் எல்லாப் பக்கத் தெருக்களும் இடம்பெற வேண்டும். தெருவில் புதிதாக ஒரு சுவர் எழும்பினாலோ, சாலை மறுபடி உயர்த்தப்பட்டாலோ, வடிவத்தைத் திருத்தி மீண்டும் ஓட்டி, பழைய தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.